இரண்டாம் வரிசைச் சிரிப்பு

பல்செட்காரருக்கு ஒரு கலைவாழ்க்கை இருந்தது. அதை அவரே சொன்னால்தான் உண்டு, வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் பேச்சு நாடகம் பக்கம் திரும்பிவிட்டால் போதும், தானும் ஒன்பது வருஷம் நாடகத்தில் இருந்தவன்தான் என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் மரியாதைக்கு என்ன வேஷம் என்று கேட்பார். பார்வையாளர் என்பார் இவர். அதற்குப் பிறகு தன்னைத்தானே ஒரு மணி நேரம் கிழித்துத் தொங்கவிடுவார். மனைவி பக்கத்தில் இருந்தால் கதை ஓர் இடத்தோடு நின்றுவிடும். அவள் காபி போட உள்ளே போனால்தான் மிச்சம் வரும்.

தொழில், பெயரில் இருக்கிறபடியே, பல்செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு மாதிரி இளஞ்சிவப்பு மெழுகு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வெந்நீரில் வேகவைத்து, பாலிஷ் போட்டு அனுப்ப வேண்டும். இருபத்தைந்து வருஷமாக அவரிடம் வாய்கள் ஆள் இல்லாமல்தான் வந்துகொண்டிருந்தன. முகம் பார்த்ததில்லை, பேச்சுக் கேட்டதில்லை. லேபில் அவர் நட்ட பற்கள் எங்கெங்கோ சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் முகக்கவசத்துக்குள் தூசியில் உட்கார்ந்திருந்தார்.

மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் புகார் எடுக்கும் வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டு, உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே புகார் அக்காதான். ஒரு நாள் ஒருவர் கூப்பிட்டு, டயர் கடைக்கு மேலே சின்ன நாடக அரங்கு நடத்துகிறோம், விளக்குப் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது, மின்சாரம் இருந்தால் ஆள் வருவதில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். அவள் துரத்தித் துரத்தி ஆளை அனுப்பி அன்றைக்கே சரிசெய்ய வைத்தாள். நன்றிக்கு இரண்டு பாஸ் வந்தது. அப்படித்தான் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு டயர் கடைக்கு மேலே ஏறினார்கள்.

அரங்கு என்று சொல்வது நம் பெருந்தன்மை. நாற்பது நாற்காலி, அதிலும் நான்கு ஆடும். கறுப்புத் துணி சுவர் முழுக்க. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு முழம் இடம். நடிகர் தும்மினால் பார்வையாளர் துடைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வாசனை தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அன்றைக்குப் பதினேழு பேர் இருந்தார்கள். நாடகம் நகைச்சுவை என்று வாசலில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததால்தான் தெரிந்தது. இருபது நிமிஷம் ஒருவர் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது நீதிபதியாக வந்தவர் வாயைத் திறந்தார். பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிபதியின் மேல் செட் பொருந்தவில்லை. அவர் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் அது அரை நொடி தாமதமாகத் தனியாக ஒரு தீர்ப்புச் சொன்னது. யார் செய்த வேலையோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நீதிபதி, "பழிபாவத்துக்கு அஞ்சி" என்று கையை உயர்த்த, செட் கீழே இறங்கி, அவர் அதை நாக்கால் மேலே தள்ளி, அதே கம்பீரத்தோடு நின்றபோது பல்செட்காரரால் முடியவில்லை. சிரித்துவிட்டார்.

அவர் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் நின்றுபோன குழாயில் மறுபடி தண்ணீர் வரும்போது முதலில் காற்று சீறி, அப்புறம் இருமி, அப்புறம் கொட்டுமே, அதேதான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் ஒருமுறை சிரித்து, தொட்டிலில் இருந்த குழந்தையை எழுப்பிவிட்டதோடு வெளியிடங்களில் அடக்கி வைத்திருந்தார். அது அன்றைக்கு அவிழ்ந்தது. பக்கத்திலிருந்த பெண்மணி அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர். இரண்டு நிமிஷத்தில் பதினேழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாடகம் முடிந்து படி இறங்கும்போது இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவரை தாடி, அதனால் எல்லோருக்கும் அவர் தாடிதான். "ஆறு மாசமா இந்த நாடகம் போடறேன் சார். புரிஞ்சு சிரிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பல்செட்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தக் கட்டம் ரொம்ப ஆழமாக இருந்தது என்று சொல்லிவிட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறுக்கு இரண்டு பாஸ் வீடு தேடி வந்தது. இரண்டாம் வரிசையில் நடைபாதை ஓரத்து நாற்காலி அவருக்கு, அடுத்தது அவளுக்கு. மனசாட்சி உறுத்தியதால் நீதிபதிக்கு ஒரு புது செட் தானே செய்து கொடுத்தார். அது கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு உண்மையாகச் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போய், முழுக்க முழுக்கத் திறமையை நம்பியே சிரிக்க வேண்டியதாயிற்று.

திறமை வளர்ந்தது. தாடியிடம் நாடகப் பிரதியை முன்கூட்டியே வாங்கி, அச்சில் பல் கடிபடும் இடத்தைக் குறிக்கிற சிவப்பு நீலப் பென்சிலால் சிரிக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார். சிவப்பு முன்பல் சிரிப்பு. நீலம் கடைவாய்ச் சிரிப்பு, அதாவது கடைவாய்ப்பல் வரை தெரிகிற முழுச் சிரிப்பு. சனிக்கிழமை குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டு போக முடியாமல் அன்றைய காட்சி படுத்துவிட்டது. தாடி போன் செய்து, நீங்கள் இல்லாமல் உயிரே இல்லை சார் என்றார். அதோடு இவர் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. லேபில் பக்கத்து மேசைக்காரரிடம் திங்கட்கிழமை தோறும் நேற்று சிரிப்பு எத்தனை இடத்தில் வேலை செய்தது என்று அறிக்கை படிப்பார். அந்த மனிதர் பல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்பார், அதாவது கையிலிருந்த பல்லை.

அந்த ஒன்பது வருஷத்தில் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீடு திரும்பிப் பாத்திரம் துலக்கும்போது அவள் நாடக வசனங்களை முணுமுணுப்பாள். ஒருமுறை ஒரு பக்கம் முழுவதையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். இவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, அந்த மூன்றாவது வரிக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்து, அங்கே நான் சிரிப்பேன் என்று திருத்தம் சொன்னார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வார்.

அந்தக் குழுவில் நன்றாக ஓடிய நாடகம் ஒன்று உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒருவர் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறார். வெளியே வர மாட்டேன் என்கிறார். அவர் மனைவி நாற்பது நிமிஷம் மூடிய கதவோடு பேசுகிறாள். அவ்வளவுதான் கதை. மேடையில் ஒரே ஒரு பெண். ஒரு தையல்கடைக்காரி அதை நடித்து வந்தாள். காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

தாடி வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது பல்செட்காரர். விஷயத்தைக் கேட்டதும், தன்னைத்தான் ஏதோ வேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றிவிட்டது. கதவுக்கு உள்ளே இருக்கிற கணவனுக்கு ஒரு குரல் வைத்தால் நன்றாக இருக்கும் என்று யோசனைகூடச் சொன்னார். எதிர்முனை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, "சார், அக்கா இருக்காங்களா?" என்றார் தாடி.

மேடையிலிருந்து பார்த்தால் இரண்டாம் வரிசை நன்றாகத் தெரியுமாம். இவர் வாய் தெரிகிற மாதிரி அவள் வாயும் தெரியுமாம். வருஷக்கணக்காக அவள் உதடுகள் நடிகர்களோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்ததை அந்தக் குழுவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வசனம் மறந்தால் அவள் உதட்டைப் பார்த்துத் தொடர்ந்தவர்கள்கூட உண்டாம். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு மட்டும் தெரியாது.

அவள் மறுக்கவும் இல்லை, துள்ளிக் குதிக்கவும் இல்லை. அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில், எத்தனை மணிக்கு ஒத்திகை என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் சட்டைப் பொத்தானை இடம் மாற்றித் தைத்துவிட்டு மறுபடி பிரித்ததை இவர் பார்த்தார். ஐம்பது வயதில் முதல்முறையாக மேடை ஏறப்போகிறாள். பயம் இருக்கும்தானே, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் தைரியம் சொன்னார்.

வீட்டில் அவள் குளியலறைக் கதவின் முன்னால்தான் பழகினாள். வேறு கதவுகள் அவ்வளவு பொருத்தமாக இல்லை. ஒரு காலை இவர் உள்ளே இருந்தபோதே ஆரம்பித்துவிட்டாள். எட்டாவது நிமிஷத்தில் ஓர் இடம் வரும். கெஞ்சிப் பார்த்து, மிரட்டிப் பார்த்து, களைத்துப்போய், அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு, "சரி, நீங்க வெளிய வர வேணாம். நான் உக்காந்துக்கறேன்" என்பாள். நீலப் பென்சில் இடம். ஒவ்வொரு முறையும் அரங்கை ஆட்டி வைத்த இடம். உள்ளே சோப்பு நுரையோடு நின்றிருந்த பல்செட்காரர் நேரம் தவறாமல் கடைவாய்ச் சிரிப்பை அவிழ்த்துவிட்டார். குளியலறை எதிரொலியில் அது இன்னும் பிரமாதமாக இருந்தது.

வெளியே சத்தம் நின்றுபோயிற்று. இவர் துண்டோடு வந்தபோது அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வர வேணாம்" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்தார். "நான் வரலைன்னா யாரு ஆரம்பிச்சு வைக்கறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்க சிரிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க எனக்காகச் சிரிச்சாங்களா, உங்களுக்காகச் சிரிச்சாங்களான்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. எனக்கு அது தெரியணுங்க."

இவர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதாக வாக்குக் கொடுத்தார். நீங்கள் சிரிக்கவில்லை என்றால் நன்றாக இல்லை போலிருக்கிறது என்று மற்றவர்கள் அடக்கிக்கொள்வார்கள், அதுவும் வேண்டாம் என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் வலித்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். தாடிக்குப் போன் செய்து முறையிட்டார். தாடி வழவழவென்று பேசி, அக்கா சொல்கிறபடி என்று நழுவிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் மட்டும் அனுதாபப்பட்டு, ஒன்பது வருஷச் சர்வீஸ் ஆளை இப்படியா அனுப்புவார்கள் என்றார். அனுதாபமா கிண்டலா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு மதியம் அவள் இரண்டு மணிக்கே கிளம்பிப் போனாள். இவர் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்தார். அதையே திருப்பிப் படித்தார். மூன்றரைக்கு, காற்று வாங்கப் போவதாகச் சுவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். காற்று டயர் கடைப் பக்கம்தான் வீசியது.

ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் மேலே போகும்வரை எதிர்ச்சாரியில் நின்றுவிட்டு, சாலையைக் கடந்து, இரண்டு டயர்களின் மேல் மெல்ல உட்கார்ந்தார். ஒன்பது வருஷம் முன்வாசல் மரியாதையோடு போனவன் இப்போது டயரோடு டயராகக் கிடக்கிறேனே என்று சிரிப்பு வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பலகைத் தரை. மேலே பேசுவது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அவள் குரல் வந்தது. முதல் இரண்டு நிமிஷம் அது மின்சார அலுவலகத்துக் குரலாக இருந்தது. கதவுக்குள் இருக்கிற கணவனின் புகாரைப் பதிவு செய்துவிடுவாளோ என்று இவர் பயந்தார். வசனம் பிசகவில்லை, ஆனால் விறைப்பாக, ஓட்டமாகப் போனது. மூன்றாவது நிமிஷத்துச் சிவப்பு இடம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம். இல்லை. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி, நீங்க வெளிய வர வேணாம். நான் உக்காந்துக்கறேன்."

நிசப்தம். யாரோ இருமினார்கள். இந்த இடத்தில் இரண்டு மூச்சு விட்டு இவர் ஆரம்பிப்பார். இரண்டு மூச்சு ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. மேலே நாற்பது பேர் முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சத்தம் இல்லை. தான் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், மொத்த அரங்கும் அவளைத் தூக்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்துவிட்டார். மூன்று படி ஏறியும்விட்டார். அடிவயிற்றிலிருந்து காற்று கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. பிள்ளை கீழே விழும்போது கை தானாக நீளுமே, அந்த அவசரம். அவள் போட்ட தடையாவது ஒன்றாவது என்றுகூட நினைத்தார்.

எனக்கு அது தெரியணுங்க என்று அவள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்பினாலா, கைக்குட்டை தொண்டையில் இடித்ததாலா என்று தெரியாது, இரண்டும்தான் என்பார். ஒன்பது வருஷத்தில் நாடகத்துக்காகத் தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் வாயை மூடிக்கொண்டதுதான் என்றும் சொல்வார்.

மேலே அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது. அவள் அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போகவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது. பிரதியில் அப்படி ஒன்று இல்லை. அடுத்து வந்த குரல் வேறாக இருந்தது. நிதானமாக, கொஞ்சம் அலுப்பாக, கொஞ்சம் குறும்பாக, வீட்டில் இவரிடம் பேசுகிற குரல். அந்தக் கணவனின் செருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்பதில் ஆரம்பித்து, முப்பது வருஷமாக அவர் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தது வரை கதவிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பழக்கமில்லாத தொண்டை, நேரமும் சரியில்லை என்று இவர் உடனே மதிப்பெண் போட்டார். அதற்குள் இன்னொருவர், அப்புறம் ஒரு வரிசையே. இவர் பென்சில் படாத இடத்திலெல்லாம் சிரித்தார்கள். அத்தனை முறை படித்த பிரதியில் இவ்வளவு சிரிப்பு எங்கே இருந்தது என்று கோபமாக வந்தது. பொறாமையாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டார். சந்தோஷமும் இருந்தது, ஆனால் பொறாமைதான் முதலில் வந்தது என்பார். கடைசிப் பத்து நிமிஷம் சிரிப்பு அடங்கி, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கைதட்டல் தொடங்கியதும் எழுந்து வீட்டுக்கு ஓடினார். வேட்டியின் பின்பக்கம் முழுக்க டயர் கரி. அதை அவிழ்த்து ஊறவைத்து, வேறு கட்டி, செய்தித்தாளைக் கையில் எடுத்து உட்காரவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அவள் மேக்கப்பைக் கலைக்கவில்லை. தலையில் பூசிய வெள்ளை நெற்றியில் இறங்கியிருந்தது. சுவரோரம் செருப்பை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இவர் ஒன்றும் தெரியாதவர் போல எப்படிப் போயிற்று என்று கேட்டார். தன் வாழ்க்கையில் தான் நடித்த ஒரே காட்சி அதுதான், அதையும் மோசமாக நடித்ததாகச் சொல்வார்.

"முதல்ல ரொம்ப பயமா இருந்துச்சு" என்றாள். "நீங்க சொன்ன பேச்சக் கேக்க மாட்டீங்க, எங்கயாவது ஓரமா வந்து நிப்பீங்கன்னே மனசு சொல்லிச்சு. எந்த நேரத்துல உங்க சிரிப்பு வருமோ வருமோன்னு காத முழுக்க அதுலயே வெச்சுக்கிட்டு வசனத்த ஓட்டினேன். அப்புறம் அந்த நாற்காலி இடம் வந்துச்சு. ஒருத்தர்கூட சிரிக்கல."

"அடடா" என்றார் இவர்.

"அடடா இல்லைங்க. அப்பதான் நீங்க நிஜமாவே வரலைன்னு தெரிஞ்சுது. இருந்தா அந்த இடத்துல உங்களால அடக்கவே முடியாது, எனக்குத் தெரியும். சரி, நம்ம தனியாத்தான் இருக்கோம்னு ஒரு பெருமூச்சு விட்டேன். அதுக்கப்புறம்தான் நடிக்கவே ஆரம்பிச்சேன்."

நான் கீழேதான் இருந்தேன், வாயில் துணியைத் திணித்துக்கொண்டு இருந்தேன், அடக்கினேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அந்த நிசப்தத்திலும் தனக்கு ஒரு பங்கு கிடைக்கும். அந்தப் பெருமூச்சிலும், அதற்குப் பின்னால் வந்த சிரிப்பிலும்கூடக் கொஞ்சம் கிடைக்கும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை" என்றார் பல்செட்காரர், "நான் வரலை."